ஸ்கேனில் ‘கிரேடு 1’ என்றால் விட்டுவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52, எடை 84 கிலோ. ஏழு வருடமாகச் சர்க்கரை. குடிப்பழக்கம் அறவே கிடையாது. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில் ‘கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 1’ என்று வந்தது. “எடையைக் குறைங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கல்லீரலுக்கு ஆகாது என்று பயந்து, கொலஸ்ட்ரால் மாத்திரையை இவரே நிறுத்திவிட்டார். உறவினர்களோ “ரகசியமாகக் குடிக்கிறாரா?” என்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்களான ஏஎஸ்டி 48, ஏஎல்டி 64; ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 1,80,000. கிரேடு 1தானே, விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. “எடையைக் குறைங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பும் வேலையைப் பல வருடம் நானும் செய்திருக்கிறேன். அதனால் அந்த மருத்துவரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஸ்கேனில் வரும் கிரேடு, கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும். கல்லீரலின் கதியைத் தீர்மானிப்பது, அழற்சியால் அதில் விழும் தழும்பு. கிரேடு 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம்; கிரேடு 1 உள்ளவருக்கு நிறைய இருக்கலாம். தழும்பு முற்றிச் சிரோசிஸ் (கல்லீரல் இறுகிச் சுருங்கும் நிலை) ஆகும்போது கொழுப்பு குறைந்துபோவதும் உண்டு. அப்போது ஸ்கேனைப் பார்த்து “பரவாயில்லையே” என்று ஏமாந்துவிடுவோம்.

தழும்பை ஊகிக்க ‘ஃபிப்-4’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. தனியாகச் செலவு இல்லை; அதற்கு வேண்டிய எண்கள் எல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. வயது 52ஐ ஏஎஸ்டி 48ஆல் பெருக்கினால் 2,496. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்தால் 180. அதை ஏஎல்டியின் வர்க்கமூலமான 8ஆல் பெருக்கினால் 1,440. வகுத்தால் 1.73. இது 1.3க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை. 2.67க்கு மேல் என்றால் உடனே கல்லீரல் நிபுணர். உங்கள் கணவர் நடுவில் நிற்கிறார். அடுத்தது, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன்: ஊசி இல்லை, வலி இல்லை, மூன்று மணி நேரம் வெறும் வயிறாக இருந்தால் போதும். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. அதற்கு மேல் என்றால் நிபுணரைப் பாருங்கள்.

மாத்திரையை நிறுத்தியதுதான் எனக்குக் கவலை. இந்த நோய் உள்ளவர்களில் அதிகம் பேரைக் கொண்டுபோவது கல்லீரல் அல்ல, இதயம். கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது என்பதற்காக ஸ்டாட்டின் என்னும் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. இந்த வாரமே அதை எழுதித் தந்த மருத்துவரிடம் பேசி மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். ‘கல்லீரலைச் சுத்தம் செய்யும்’ டானிக் எதையும் வாங்கிவிடாதீர்கள்.

எடையைப் பற்றியும் எண்ணாகவே சொல்கிறேன். 4 கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கும். 6 முதல் 8 கிலோ குறைந்தால் அழற்சியும் தணிய வாய்ப்புண்டு. அதற்காகப் பட்டினி வேண்டாம். மளமளவென்று இளைப்பது கல்லீரலுக்கே கெடுதல். வாரம் 150 நிமிடம் வேகமாக நடக்கட்டும். எடை மெஷின் முள் அசையாவிட்டாலும் உள்ளே கொழுப்பு கரையும்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை: ‘நான்-ஆல்கஹாலிக் ஃபேட்டி லிவர்’ (குடியால் வராத கொழுப்புக் கல்லீரல்) என்று குடியைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு அவதிப்பட்ட இந்த நோய்க்கு, 2023இல் வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்த்து வேறு பெயரே வைத்துவிட்டார்கள்.

ஃபைப்ரோஸ்கேன் எடுத்ததும் அந்த எண்ணை எழுதி அனுப்புங்கள்.