பொட்டும் மானியமும் – கடிதம்

வணக்கம் சார்,

தேவதாசி முறை பற்றிய கட்டுரையில் ‘முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்த 1947 சட்டம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் 1930லேயே சட்டசபையை விட்டு விலகிவிட்டாரே? பேசியதைத் தவிர அங்கே அவர் என்னதான் செய்தார்?

– க., மன்னார்குடி

அன்புள்ள க.,

பிழை என்னுடையதுதான். ஒரு வரியில் அடக்கப் பார்த்துப் பதினேழு வருஷத்தை முழுங்கிவிட்டேன்.

அவர் தேர்தலில் வென்று போனவர் அல்ல, நியமன உறுப்பினர். சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரான அவரைத் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். 1927இல் பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்களைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடுவதைத் தடுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார், நிறைவேறியது. ஆனால் தீர்மானம் என்பது சிபாரிசுதான். அரசாங்கம் நினைத்தால் அதைக் கிடப்பில் போடலாம்.

அப்புறம் அவர் கை வைத்தது நிலத்தில். கோயில் பணிக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. பணி நின்றால் நிலம் போய்விடும். அம்மாவுக்கு வயதானால் மகளுக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் வயலும் இல்லை, நெல்லும் இல்லை. இந்த நிலையில் போய் யாரிடம் உபதேசம் செய்வது? அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் 1929இல் சட்டமானது. நிலம் அந்தப் பெண்ணிடமே இருக்கும், கோயிலுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டினால் போதும், பணி செய்ய வேண்டியதில்லை. தாசில்தார் ஆபீஸ் காகிதம் மாதிரி வறட்டு விஷயம்தான். என்னைக் கேட்டால் அவருடைய மேடைப் பேச்சுகளைவிட இதுதான் பெரிய காரியம். மானியமே இல்லாத பெண்களுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எதிர்ப்பு காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. தேவதாசிகளே சங்கம் வைத்து மனு கொடுத்தார்கள். எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள், எங்கள் கலையும் சொத்துரிமையும் என்னாவது என்ற அவர்கள் கேள்வியை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். முத்துலட்சுமியின் அம்மாவும் அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர்தான்.

பொட்டுக்கட்டையே தடுக்கும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார். அதே வருஷம் உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைதானதும் ராஜினாமா. மசோதா அநாதையாயிற்று. 1947இல் அது சட்டமாகும்போது ஓமந்தூரார் ஆட்சி, சபையில் முத்துலட்சுமி இல்லை.

ஆனால் அந்தக் குலத்துப் பெண்கள் மூன்று பேர் 1947 வரை காத்திருக்கவில்லை. நேராக அவர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார்கள். ஆதரவற்ற பெண்களுக்கான ஔவை இல்லம் அப்படித்தான் தொடங்கியது.

கட்டுரையில் அந்த வரியை இன்றே திருத்திவிடுகிறேன்.