லைலாக் இலையில் திருநீறு

கேள்வி: எங்கள் பின்வளவில் வேலியோரம் ஒரு பழைய லைலாக் பூமரம் நிற்கிறது. வீடு வாங்கும்போதே இருந்தது. மே மாதம் நன்றாகப் பூத்தது. இப்போது ஆகஸ்டில் இலையெல்லாம் திருநீறு பூசியது போல் வெளுத்துவிட்டது. மாவுப்பூச்சி என்று நினைத்துச் சவர்க்காரத் தண்ணீர் அடித்தேன்; திரும்பவும் வருகிறது. பக்கத்தில் பூசணி வைத்திருக்கிறேன், அதற்கும் தொற்றுமா? வேப்பெண்ணெய் அடிக்கவா, மரத்தையே வெட்டிவிடவா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: கத்தியை வையுங்கள் அம்மா. ஒரு இலையைப் பிடுங்கிக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். மாவு விரலில் ஒட்டிக்கொண்டு கீழே பச்சை தெரிந்தால் அது சாம்பல் நோய். பூச்சி அல்ல, பூஞ்சை. மாவுப்பூச்சி என்றால் பஞ்சுத் துணுக்கு மாதிரி கணுக்களில் அடைந்து கிடக்கும், நசுக்கினால் பிசுபிசுக்கும். தண்டையும் ஒருமுறை பாருங்கள். பட்டையில் வெள்ளை படிந்து, நகத்தால் சுரண்டும்போது சின்னச் சின்ன ஓடுகளாகப் பெயர்ந்தால் அது செதில் பூச்சி. மரத்தை வாட்டுவது அதுதான், அதற்கு வைத்தியமும் வேறு. ஆனால் உங்கள் கடிதத்தில் ஆகஸ்ட், பழைய புதர், வேலியோரம் என்று மூன்றும் இருக்கிறதே. சாம்பல் நோயின் ஜாதகமே அதுதான்.

இந்தப் பூஞ்சையின் குணம் விசித்திரம். மற்றவை இலை நனைந்தால் முளைக்கும். இதற்கு இலையில் நீர் நிற்பதே பிடிக்காது. பகலில் வறண்ட வெப்பம், இரவில் காற்றில் ஈரப்பதம், கொஞ்சம் நிழல், காற்றோடாத நெரிசல் போதும். பார்க்கத்தான் அலங்கோலம். ஆகஸ்டுக்குள் இலை தன் வேலையில் பெரும்பங்கை முடித்திருக்கும், அடுத்த வருட மொட்டும் கட்டியிருக்கும். மரம் சாகாது.

பூசணிக்குத் தொற்றாது. அதன் இலையிலும் இதே வெள்ளை வரலாம், ஆனால் அது வேறு பூஞ்சை.

வேப்பெண்ணெய் நம் கைவைத்தியம்தான். ஆனால் கனடாவில் அது பூச்சி, பூஞ்சை மருந்தாகப் பதிவாகவில்லை. ஒன்ராறியோவில் அழகுக்காக மருந்தடிப்பதற்கு 2009 முதல் கட்டுப்பாடும் உண்டு. கடையில் கிடைக்கும் கந்தகம் வருமுன் காப்பதற்கு உதவும், வந்த மாவைத் துடைக்காது. 27 பாகை செல்சியசுக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் தெளித்தால் இலையையே கருக்கிவிடும். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற வைத்தியமும் சொல்வார்கள். பிரேசிலில் பூசணி இனத்துச் சுக்கினியில் செய்துபார்த்துப் பலன் கண்டு 1999இல் எழுதினார்கள், ஆகவே பூசணிக்கு முயலலாம். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த லைலாக்குக்கு அடிப்பதானால், அந்தப் பாலில் தேநீர் போட்டுக் குடிப்பதே மேல்.

உண்மையான மருந்து கைவாள். அதற்கும் இப்போது நேரமில்லை. இலையுதிர் காலத்தில் வெட்டினால் வரும் மே மாதப் பூவை வெட்டுகிறீர்கள். ஜூனில் பூ வாடியவுடன் குனிந்து அடியைப் பாருங்கள்: மணிக்கட்டுத் தடிப்பில், பட்டை வெடித்த கிழட்டுத் தண்டுகள் நிற்கும். அவற்றில் மூன்றில் ஒரு பங்கை நிலத்தோடு அறுத்தெடுங்கள். மறு வருடம் இன்னொரு பங்கு, அதற்கடுத்த வருடம் மீதி. நடுவில் வெளிச்சம் விழுந்து காற்று ஓடத் தொடங்கினால் மாவு தானாகக் குறையும். புல்லுக்குப் போடும் உரம் அதன் காலடியில் விழாமலும் பாருங்கள். தழைச்சத்து கூடினால் தளிர் கொழுக்கும், பூஞ்சைக்கு விருந்து.

இந்த வருடத்துக்கு ஒரே வேலை, ஒக்டோபரில் உதிரும் இலையைக் கூட்டி அள்ளுவது. உற்றுப் பார்த்தால் அதில் மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது அதற்குள்தான். வீட்டு உரக்குழியில் போடாமல் நகரசபை எடுத்துப்போகும் கடதாசிப் பையில் கட்டி வையுங்கள்.

புதிதாக ஒன்று நட ஆசை வந்தால் 'மிஸ் கிம்' கேளுங்கள், இந்த நோய்க்கு அவ்வளவாக மசியாத ரகம். ஹமில்டன் பக்கத்து ராயல் பொட்டானிக்கல் கார்டன்ஸில் லைலாக்குக்கென்றே ஒரு சரிவு இருக்கிறது. மே கடைசியில் போய் முகர்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.