12/3 எப்படி மார்ச் மாதமானது?

ஜேசன் வந்தபின் எக்ஸ்எம்எல் படிப்பது வீண்வேலையா? (கல்லூரி மாணவர், மன்னார்குடி)

இல்லை. இரண்டுமே தகவலை ஒழுங்காக எழுதிவைக்கும் கோப்பு வடிவங்கள். செயலிகளுக்கிடையே இன்று ஓடுவது பெரும்பாலும் ஜேசன்தான். ஜிஎஸ்டி ரிட்டர்ன் கோப்புகூட அப்படித்தான். ஆனால் உங்கள் பிராஜெக்ட் ரிப்போர்ட்டின் வேர்டு கோப்பை ஒரு நகல் எடுத்து, எக்ஸ்டென்ஷனை 'ஸிப்' என மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே 1998-இல் வந்த அதே எக்ஸ்எம்எல் உட்கார்ந்திருக்கும்.

உறுப்பினர் பட்டியலை சிஎஸ்வியாக இறக்கி எக்செலில் திறந்தால் சில சர்வே எண்கள் தேதியாகிவிடுகின்றன. ஏன்? (உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், திருவையாறு)

நானும் பட்டிருக்கிறேன். சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. 'இது எண், இது எழுத்து' என்று சொல்லிவைக்க அதில் இடமே கிடையாது. அதனால் எக்செல் தானாக ஊகிக்கிறது. 12/3 என்ற புல எண் '12-மார்ச்' ஆகும். பக்கத்து வயல் 12/3ஏ எழுத்து ஒட்டியிருப்பதால் தப்பும். தஞ்சாவூரின் எஸ்டிடி எண் 04362 முன்சுழியை இழக்கும். அப்படியே சேமித்தீர்களோ, பழைய எண் போனது போனதுதான்.

கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். 'டேட்டா' மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, சர்வே எண் உள்ள நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். தேதியை 2025-06-12 என்றே எழுதுங்கள். 12/06 என்று போட்டால், அமெரிக்க அமைப்புள்ள கணினி மேட்டூர் அணை திறப்பை டிசம்பர் 6-க்குத் தள்ளிவிடும். குறுவை அதுவரை தாங்காது!

இன்னொன்று: 'பரப்பு 3' என்றால் மாவா, ஏக்கரா? மூன்று மா சேர்ந்தால்தான் சுமார் ஒரு ஏக்கர். ஜேசனுக்கு மாறினாலும் இது தீராது. தலைப்பிலேயே 'பரப்பு_ஏக்கர்' என்று போடுங்கள்.

எல்லாவற்றையும் ஏஐ படித்துக்கொள்ளுமே, இனி வடிவம் எதற்கு? (மயிலாடுதுறை)

படிக்கும். மாவா ஏக்கரா என்று எழுதாவிட்டால் அதுவும் ஊகிக்கத்தான் செய்யும். அதை வேலைக்கு வைக்கும் நிரலர்களே பதிலை ஜேசனில் கேட்டு வாங்குகிறார்கள்.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை இணையதளத்துக்கு ஜேசனாக அனுப்பலாமா? (அச்சகம், கும்பகோணம்)

அப்படியே அனுப்பாதீர்கள். அந்தக் கோப்பில் தமிழே இல்லை. திரையில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்; தமிழ் வேஷம் எழுத்துரு கட்டியது. முதலில், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுங்கள். பொதுவெளியில் பரிமாறும் ஜேசன், யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல்தான் இருக்க வேண்டும் என்று 2017 தரநிலையே சொல்கிறது. மாற்றும்போது இடையிடையே உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழாகிக் குழம்பும். பாமினி எழுத்துரு உள்ள பகுதியை மட்டும் தேர்ந்து மாற்றுங்கள். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.