ஏஜென்ட்டுக்கு காசு குடுக்காதீங்க, கவுன்சிலிங்குக்கு பதிய வைங்க

கேள்வி: அக்கா, என் மக ஆறாங்கிளாஸ்ல இருந்து அரசுப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சா, ப்ளஸ் டூல நல்ல மார்க். இன்ஜினியரிங் படிக்க ஆசை. வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு, மழைன்னா வேலை கிடையாது. ஒரு ஏஜென்ட் 25 ஆயிரம் கட்டுனா மேனேஜ்மென்ட் சீட் உறுதிங்கிறார். கொழுந்தனாரு ஒரு வருஷம் ஜவுளிக்கடைக்கு வேலைக்கு அனுப்பு, அப்புறம் பாப்போம்ங்கிறாரு. என்ன செய்ய? – வாசகி, குலசேகரம்

பதில்: தங்கச்சி, அந்த ஏஜென்ட் கையில ஒரு ரூபா குடுத்துராதீங்க. ஆறுல இருந்து பன்னெண்டு வரை அரசுப் பள்ளில படிச்ச பிள்ளைங்களுக்கு 2021ல இருந்து இன்ஜினியரிங்ல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கு, அதுல சீட் கிடைச்சா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டும். அதுல கிடைக்கலன்னாலும் வீட்டுல யாரும் டிகிரி படிக்கலன்னா முதல் தலைமுறை பட்டதாரி சலுகை உண்டு, டியூஷன் ஃபீஸ் குறையும் (ஒரு வீட்டுல ஒரு பிள்ளைக்குத்தான், அத பாத்துக்கோங்க). ரெண்டும் அரசு நடத்துற இன்ஜினியரிங் கவுன்சிலிங் வழியா போனாத்தான், மேனேஜ்மென்ட் சீட்டுல சேந்தா ரெண்டுமே போச்சு. ஏஜென்ட் இத உங்ககிட்ட சொல்லிருக்க மாட்டாரு.

எனக்கு கவலை வேற. நம்ம பக்கம் பல பிள்ளைங்க படிப்பு நிக்கிறது நாலு வருஷ ஃபீஸ நினைச்சு இல்ல, அட்மிஷன் சமயத்துல கையில காசில்லாமதான். ஜூன்ல மழை பிடிச்சா வெட்டு நிக்கும், பால் இல்ல, ஷீட் இல்ல, கடைல பற்று ஏறும், சரியா அப்பத்தான் சர்டிபிகேட்டு, துணிமணி, பஸ்சு, மெஸ்னு எல்லாம் வந்து நிக்கும். புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவளுக்கு உண்டு, ஆனா சேந்த அன்னைக்கே அக்கவுண்ட்ல விழாது. அதனால அந்த மூணு நாலு மாசத்துக்கான காச மட்டும் இப்பவே மகளிர் குழுவுல கேட்டு வைங்க, நகை வைக்கணும்னா பேங்க் இல்லன்னா கூட்டுறவு சங்கம், கந்துவட்டி பக்கமே போவாதீங்க.

இந்த வாரமே வருமானம், சாதி, முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவைல போட்டுருங்க, ஹெச்.எம். கிட்ட ஆறுல இருந்து படிச்சதுக்கு எழுதி வாங்கிருங்க. ஆதார்ல இனிஷியல் முன்னாலயும் மார்க் ஷீட்ல பின்னாலயும் இருந்தா இப்பவே சரி பண்ணுங்க, இந்த ஒரு எழுத்துக்காக உதவித்தொகை மாசக்கணக்கா தொங்கும்.

கொழுந்தனாரு நல்ல மனசுலதான் சொல்லுவாரு, ஆனா எனக்கு சம்மதமில்ல. சம்பளம் வர ஆரம்பிச்சா அதுக்குன்னு வீட்டுல ஒரு செலவு வந்து உக்காந்துரும், அடுத்த வருஷம் அவள வேலைய விட்டு நிறுத்த உங்களுக்கே மனசு வராது. நம்ம நாகர்கோவில் கோணத்துலயே அண்ணா யுனிவர்சிட்டி உறுப்புக் கல்லூரி இருக்கு, சாய்ஸ் குடுக்கும்போது மறக்காம போடுங்க. பக்கத்துலயே அரசு பாலிடெக்னிக், சயின்ஸ் குரூப் ப்ளஸ் டூ முடிச்சவங்க நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம், அதையும் மனசுல வைங்க. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட் காசும் கிடையாது.

கட்ஆஃப் எவ்வளவுன்னு நீங்க எழுதவே இல்லியே. அத அனுப்புங்க, எந்தக் காலேஜ முதல்ல போடலாம்னு சேந்து பாப்போம்.