பிலிப்பைன்ஸ் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது 1898-லா, 1946-லா?

ஸ்பெயின் வெளியேறியது 1898-ல். நாடு மற்றவர் கையிலிருந்து முழுமையாக விடுபட்டது 1946-ல். நடுவில் இத்தனை ஆண்டுகள் விழுந்ததற்குப் பெரிய காரணம், ஸ்பெயின் தன்னை எதிர்த்துப் போராடியவர்களிடம் தோற்க மறுத்து, வேறொருவரிடம் தோற்றதுதான்.

1565-ல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி செபூ தீவில் இறங்கியதிலிருந்து தொடர்ந்த ஆட்சி அது. 1872-ல் மணிலாவுக்கு அருகே கவீத்தேயில் நடந்த சிப்பாய்க் கலகத்தைச் சாக்காக வைத்து கோமெஸ், பூர்கோஸ், சமோரா என்ற மூன்று பாதிரியார்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். கண் மருத்துவர் ஹோசே ரிசால் தம் இரண்டாவது நாவலைக் காணிக்கையாக்கியது இந்த மூவருக்குத்தான். அவர் கேட்டது சீர்திருத்தம் மட்டுமே. அதற்கே 1892 ஜூலையில் அவரை தெற்கே மிண்டனாவோ தீவில் உள்ள டாபிட்டானுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே மாதம் மணிலாவில் ஆந்த்ரேஸ் போனிஃபாசியோ 'கதிபுனான்' என்ற ரகசிய இயக்கத்தைத் தொடங்கினார். 1896 ஆகஸ்டில் அது அம்பலமானதும் கிளர்ச்சி வெடித்தது. அந்த டிசம்பர் 30 அன்று ரிசாலைச் சுட்டுக் கொன்றார்கள்.

சிங்கப்பூரில் என்னுடன் வேலை பார்த்த பிலிப்பினோ நண்பர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால், மதிய உணவு நேரம் முழுவதும் போனிஃபாசியோவின் சாவிலேயே கழிந்துவிடும். 1897 மே மாதம் அவரைக் கொன்றது ஸ்பெயின் அல்ல, எமிலியோ அகினால்டோவின் புரட்சி அரசு. யார் என்ன நியாயம் சொன்னாலும் எனக்கு அது மன்னிக்க முடியாத செயலாகவே படுகிறது. அந்த ஆண்டின் இறுதியில் அகினால்டோ ஸ்பெயினுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, பணத்தைப் பெற்று ஹாங்காங் போனார். (அதில் ஆயுதம் வாங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

1898-ல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. மே 1 அன்று அமெரிக்கக் கடற்படைத் தளபதி டியூயி மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பல்களை அழித்தார். கடலில் வென்றவரிடம் தரையில் இறக்கப் படை இல்லை. அகினால்டோ அமெரிக்கக் கப்பலிலேயே திரும்பி வந்தார்; அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு மணிலாவைச் சுற்றி வளைத்தார்கள். ஜூன் 12 அன்று கவிட் என்ற ஊரில் தம் வீட்டிலேயே அகினால்டோ விடுதலையை அறிவித்தார்.

இதற்குப் பின் நடந்ததுதான் கேவலம். கோட்டைக்குள் அடைபட்டிருந்த ஸ்பானிய ஆளுநர் ஹவுதெனெஸ், பெல்ஜியத் தூதர் மூலம் அமெரிக்கர்களிடம் பேசி முடித்தார். மானம் போகாதபடி ஒப்புக்குக் கொஞ்சம் சண்டை போடுவது, பிறகு சரணடைவது. ஆனால் பிலிப்பினோக்கள் மட்டும் உள்ளே வரக் கூடாது. ஆகஸ்ட் 13 அன்று அப்படியே நடந்தது. முற்றுகையிட்டுக் காத்திருந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு அமெரிக்கர்கள் நுழைந்தார்கள். பேசிவைத்த சண்டையிலும் இரு தரப்பிலும் சிலர் செத்தார்கள் என்பது தனிக் கொடுமை. அதற்கு முந்தைய நாளே வாஷிங்டனில் போர் நிறுத்தம் கையெழுத்தாகிவிட்டது. மணிலாவின் கடலடித் தந்திக் கம்பியை டியூயி முன்பே வெட்டியிருந்ததால் செய்தி வந்து சேரவில்லை.

டிசம்பர் 10 அன்று பாரிஸில் உடன்படிக்கை. அகினால்டோவின் பிரதிநிதி அகோன்சில்லோவை அந்த அறைக்குள்ளேயே விடவில்லை. 2 கோடி டாலரை வாங்கிக்கொண்டு ஸ்பெயின் தீவுகளை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. 1899 ஜனவரியில் மலோலோஸ் என்ற ஊரில் அகினால்டோ தலைமையில் குடியரசு அமைந்தது, பிப்ரவரியில் அமெரிக்காவுடன் போர் மூண்டது. 1901 மார்ச்சில் அகினால்டோ பிடிபட்டார். நாடு அமெரிக்கர் கைக்குப் போனது.

1946 ஜூலை 4 அன்று, அமெரிக்கா தன் சுதந்திர தினத்திலேயே பிலிப்பைன்ஸின் விடுதலையையும் அங்கீகரித்தது. 1962-ல் அதிபர் மகபகால் சுதந்திர தினத்தை ஜூன் 12-க்கு மாற்றினார். அப்போது அகினால்டோ உயிரோடுதான் இருந்தார்.