நிதி திரட்டும்போது மக்களின் ஆர்வம் பாதியில் குறைந்துவிடுகிறது. அதை எப்படித் தக்கவைப்பது?

கேள்வியின் விவரம்: "கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு முதியோர் இல்லத்தின் கூரையை மாற்ற நிதி திரட்டுகிறோம். முதல் மாதம் நன்றாக வந்தது. இப்போது மூன்றாவது மாதம், யாரும் கண்டுகொள்வதில்லை. இலக்கில் பாதியைக்கூடத் தொடவில்லை. என்ன செய்யலாம்? ஒரு பாடகரை அழைத்து விருந்து நடத்தினால் சரியாகுமா?"

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு 2023 செப்டம்பர் மாதம்தான் கண்முன் வந்தது. பட்டர்வொர்த்தில் எங்கள் சங்கம் ஒரு வேன் வாங்க நிதி திரட்டிக்கொண்டிருந்தது. ரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) போகும் நோயாளிகளை ஏற்றிச் செல்ல, சக்கர நாற்காலியோடு தூக்கி ஏற்றும் வசதியுள்ள வேன். இலக்கு ஒரு லட்சத்து 40 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). ஜூலையில் 41 ஆயிரம் வந்தது. ஆகஸ்டில் 16 ஆயிரம். செப்டம்பர் முழுவதும் சேர்த்து 2,900 வெள்ளி. பொருளாளர் அந்தக் கணக்கை வாசித்தபோது செயலவைக் கூட்டத்தில் ஒருவர்கூடப் பேசவில்லை. அதனால் நீங்கள் இப்போது எந்த மனநிலையில் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் மாத வேகம் குறைவது உங்கள் தவறு அல்ல. 2018 மே 30ஆம் தேதி நம் மலேசிய நாட்டின் கடனை அடைக்க 'தாபோங் ஹராப்பான்' நிதியைத் தொடங்கினார்களே, நினைவிருக்கிறதா? முதல் 24 மணி நேரத்தில் 70 லட்சம் வெள்ளி வந்தது. அந்த வேகம் அப்படியே நீடித்திருந்தால் ஒரே மாதத்தில் 20 கோடியைத் தொட்டிருக்கும். உண்மையில் 20 கோடியைச் சற்றுத் தாண்டி அந்த நிதியை மூடும்போது 2019 ஜனவரி ஆகிவிட்டது, ஏழரை மாதம். நாடே சேர்ந்து கொடுத்த நிதிக்கே அப்படி என்றால், செந்தூலில் நாலு பேர் நடத்தும் இயக்கத்துக்கு மூன்றாவது மாதம் தொய்வு வருவதில் ஆச்சரியமில்லை. தொய்வு வந்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

நாங்கள் அப்போது செய்தது, இன்னும் அதிகமாகக் கேட்டது. அதே சுவரொட்டிப் படத்தைத் தினமும் காலையில் எல்லாப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் போட்டோம். நாள் ஆக ஆக யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒருநாள் ராஜா உடா பக்கம் ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஒருவர் இன்னொருவரிடம் கேட்டார்: "அந்த வேன் காசு வாங்குனாங்களே, வேன் வந்துருச்சாமா?" அதில் சந்தேகமோ குத்தலோ இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாதமாக 60 ஆயிரத்தை வங்கியில் வைத்துக்கொண்டு, கொடுத்தவர்களிடம் நாங்கள் ஒரு வார்த்தைகூடத் திரும்பிச் சொல்லவில்லை. முழுத் தொகையும் சேர்ந்தால்தானே வேன், அதற்கு முன்னால் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டோம்.

எங்கள் தாத்தா நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய தகரப் பெட்டியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் ஒன்று இருந்தது. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் போட்டு விற்றார்கள். வேலையும் போய், தோட்ட வீடும் போய், ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போதுதான் அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்க 1960இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அது தர்மம் அல்ல, சேமிப்பு, அது எனக்குத் தெரியும். ஆனாலும் கூலிக்காரர்களிடம் மாதாமாதம் பணம் வாங்கி, அவர்களுடைய நம்பிக்கை விட்டுப்போகாமல் காப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் சமூகத்தில் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால், எல்லாரிடமும் வசூலித்து முடிக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. மறு வருடமே, 1961இல், கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிவிட்டார்கள். "நம்ம காசுல வாங்குன தோட்டம்" என்று கைநீட்டிக் காட்ட ஓர் இடம் கிடைத்துவிட்டது. தாத்தா அந்தத் தோட்டத்தைப் போய்ப் பார்த்ததில்லை. ஆனாலும் பேரைச் சொல்லிச் சொல்லிப் பேசுவார்.

ஒட்டுக்கடையில் கேட்ட அந்தக் கேள்வியும் தாத்தாவின் புக்கிட் சீடிமும் சேர்ந்துதான் எனக்கு வழி காட்டின. வேன் வருவதற்கு முன்பே வேனின் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

எங்கள் செயலவையில் ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அவரிடம் பழைய வேன் ஒன்று இருந்தது. தூக்கி வசதியெல்லாம் கிடையாது. இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்ற வேண்டும். எண்ணெய்ச் செலவு, தேய்மானம் எல்லாம் கணக்குப் போட்டதில், ஒரு நோயாளியை ஒரு தடவை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர 12 வெள்ளி ஆகும் என்று தெரிந்தது. வேனுக்கு என்று வாங்கிய பணத்தில் நாங்கள் கை வைக்கவில்லை, இதைக் கவனியுங்கள். கூட்டம் போட்டு, குறிப்பேட்டில் எழுதி, பயணச் செலவுக்குத் தனிக் கணக்கு தொடங்கினோம். பிறகு கேட்பதை மாற்றினோம். "ஒரு லட்சத்து 40 ஆயிரம் தேவை" என்று சொல்வதை விட்டுவிட்டு, "12 வெள்ளி கொடுத்தால் நாளை ஒருவர் சிகிச்சைக்குப் போய்விட்டு வீடு திரும்புவார்" என்று சொன்னோம்.

முதல் நோயாளி பாகான் டாலாமில் ஒரு பாட்டி. செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறு மணி முறை. வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருக்க வேண்டும். வாடகைக் காருக்குப் பணமில்லாத நாளில் அவர் போகாமல் இருந்துவிடுவார். ஒருமுறை விட்டாலே உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். அடுத்த நாள் படுத்தால் மூச்சு முட்டும். அதனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாராம். முதல் நாள் நாங்கள் போனபோது ஐந்தேகாலுக்கே வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் போர்வை, இரண்டு பிஸ்கட், சிகிச்சைப் புத்தகம். சுத்திகரிப்பு நடக்கும்போது குளிரும், அதற்குத்தான் போர்வை. "வருவீங்களோ மாட்டீங்களோன்னு நாலு மணிக்கே எந்திரிச்சிட்டேன் தம்பி" என்றார்.

அன்று மாலை எங்களுக்குப் பழக்கமான உணவகத்தில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினோம். மேலே "இன்று சிகிச்சைக்குப் போய் வந்தவர்: 1" என்று பெரிதாக. கீழே சின்ன எழுத்தில் வேன் நிதி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று. எந்த எண் பெரிது, எந்த எண் சிறிது என்பதில் நாங்கள் கவனமாக இருந்தோம். ஒரு வாரத்தில் அந்த 1 நான்கானது. உணவகக்காரரின் மகள், ஆறாம் ஆண்டு படிக்கிறவள், பள்ளி விட்டு வந்ததும் எண்ணை அழித்து எழுதும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். சாப்பிட வருகிறவர்கள் அவளிடம் "இன்னிக்கு எத்தனை?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பிறை தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒருவர் சம்பள நாளன்று 12 வெள்ளியை எண்ணி வைத்துவிட்டு, "ஒரு ஆளு என் கணக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதமும் வந்தார். அவர் பெயரை நாங்கள் கேட்டதே இல்லை.

இந்த ஆளுக்கு-இவ்வளவு கணக்கு ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. கனடாவில் டெர்ரி பாக்ஸ், புற்றுநோயால் ஒரு காலை இழந்த இளைஞர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980இல் நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். ஆரம்பத்தில் பல ஊர்களில் அவரைக் கண்டுகொள்ளவே ஆளில்லை. போர்ட் ஓ பாஸ்க் என்ற சிறு ஊர் மட்டும் 10 ஆயிரம் டாலருக்குமேல் திரட்டிக் கொடுத்தது. அங்கே மக்கள்தொகையே ஏறக்குறைய 10 ஆயிரம்தான். அதிலிருந்துதான் கனடியர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் என்ற கோரிக்கை வலுத்தது. நோய் நுரையீரலுக்குப் பரவி, 143 நாளில் 5,373 கிலோமீட்டரோடு அவர் ஓட்டம் நின்றுபோனது. ஆனால் 1981 பிப்ரவரியில் தொகை இரண்டு கோடியே 40 இலட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைய கனடாவின் தலைக்கு ஒரு டாலர் கணக்கு அது. பெரிய தொகையைக் கேட்டால் மக்கள் அதை வேறு யாரோ கொடுப்பார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு டாலர், 12 வெள்ளி என்றால் அது தன்னைத்தான் கேட்கிறது என்று புரிகிறது.

செய்தி அனுப்புவதையும் மாற்றினோம். மூன்று செய்தி கொடுத்தால் ஒரு தடவைதான் கேட்பது என்று கணக்கு வைத்துக்கொண்டோம். கேட்காத வாரங்களில் நோயாளியின் குரல்பதிவை, அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அனுப்பினோம். முகத்தைக் காட்டவில்லை. குழாய் செருகிய கையைப் படம் எடுத்துப் போட்டால் பணம் வரும் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உதவி வாங்குகிறவர் மறுநாள் சந்தையில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். உங்கள் இல்லத்து முதியவர்கள் விஷயத்திலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கெட்ட செய்தியையும் மறைக்காதீர்கள். டிசம்பரில் தூக்கிக் கருவியின் விலை ஏறிவிட்டது என்று விற்பனையாளர் சொல்லிவிட்டார். 6 ஆயிரம் வெள்ளி கூடுதல். மக்கள் என்ன நினைப்பார்களோ என்று இரண்டு நாள் தவித்தோம். கடைசியில் பழைய விலைப்பட்டியல், புதிய விலைப்பட்டியல் இரண்டையும் படம் எடுத்து அப்படியே அனுப்பினோம். அந்த வாரத்தில்தான் அதற்கு முந்தைய ஐந்து வாரங்களைவிட அதிகமாக வந்தது.

நாள்காட்டியையும் பாருங்கள். 2023 தீபாவளி நவம்பர் 12, ஞாயிறு. முந்தின நாள் சனிக்கிழமை பாட்டியின் சிகிச்சை நாள். பலகாரம் சுடும் வீடுகளைத் தாண்டி விடியற்காலையில் வேன் போனதை ஓட்டுநர் அண்ணன் குரல்பதிவாக அனுப்பினார், நாற்பது விநாடிதான். அன்று வந்த நன்கொடையைப் பொருளாளர் மூன்று முறை சரிபார்த்தார். ஆண்டு முடிவில் நிறுவனங்கள் கொடுக்கும். ஆனால் வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் வரிக்கழிவு ரசீது கேட்பார்கள். எங்கள் சங்கத்துக்கு அந்த அனுமதி இல்லை. அனுமதி உள்ள ஓர் அறவாரியத்தின் வழியாக வாங்கினோம். இதற்குப் பேச்சுவார்த்தை, கடிதம் என்று நேரம் பிடிக்கும், அதனால் இப்போதே தொடங்குங்கள். உண்டியல் ஏந்தித் தெருவில் இறங்குவதாக இருந்தால், வீடுவீடாகவும் தெருவிலும் வசூலிப்பது பற்றிய 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2024 தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், நண்பர்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நாங்கள் நின்றபோது, உரிமத்தின் நகலை மேசையிலேயே ஒட்டி வைத்திருந்தோம். அதைப் படித்துவிட்டுப் போட்டவர்கள் நிறைய. வெள்ளி ரதம் கடந்த பிறகும் நெடுநேரம் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் தொகை நிறைந்தது.

உங்களோடு உழைக்கிறவர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களில் இரண்டு பேர் அக்டோபரில் சொல்லாமலே விலகிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. இன்றும் எனக்கு அது வருத்தம்தான்.

பாடகரை அழைத்து விருந்து வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம் என்பேன். மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி என்று முன்பணம் கட்ட வேண்டும். தொய்வில் இருக்கும்போது மேசை விற்காது, விற்காத மேசைகளையும் நீங்களே சுமக்க வேண்டிவரும். அன்று வருகிறவர்கள் பாடகருக்காக வருவார்கள், மறுநாள் உங்கள் இல்லத்தின் பெயர்கூட நினைவிருக்காது. கூரை பாதி மாறிய பிறகு, மாறிய பாதியின் கீழே நாற்காலி போட்டு, இல்லத்து முதியவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக் கூப்பிடுங்கள்.

கூரை என்பதால் உங்களுக்கு எங்களைவிட ஒரு வசதி இருக்கிறது. பாதி வேன் வாங்க முடியாது, ஆனால் ஓர் அறையின் கூரையை மட்டும் மாற்ற முடியும். கையில் இருக்கும் பணம் கூரைக்கென்றே வாங்கியது, ஆகவே அதைச் செலவழிக்கக் கொடுத்தவர்களிடம் மறுபடி அனுமதி கேட்கத் தேவையில்லை. குத்தகைக்காரரிடம் அறைவாரியாக விலை கேளுங்கள். அதிகம் ஒழுகும் அறை எதுவோ அதை முதலில் செய்யுங்கள். கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பரில் மாலை மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு மழை நாளில் அந்த அறைக்குள் நின்று, தரையில் வாளி இல்லாததை, மழைச் சத்தத்தோடு அரை நிமிடம் பதிவு செய்து, இதுவரை கொடுத்த ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். அந்த வாரம் யாரிடமும் பணம் கேட்காதீர்கள்.