தமிழ் இணையத்தளம், அணுகல், அந்தரங்கம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூரில் இணையத்தளம் கட்டுவது என் தொழில். பார்வையோ கையோ ஒத்துழைக்காதவர்களும் தடையில்லாமல் பயன்படுத்தும்படி அதைச் செய்வதும், வருகிறவரின் தகவலைத் தேவையில்லாமல் வாங்கி வைக்காமல் இருப்பதும்தான் அதில் எனக்கு முக்கியம். கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டன. வைஃபை வேகம், கைப்பேசிப் பழுது பற்றியவற்றை விட்டுவிட்டேன், அவை என் துறை இல்லை.

தெம்பனிஸ், சமூக மன்றத் தொண்டூழியர்: அக்கா, தீபாவளி நிகழ்ச்சிக்கு அழகான சுவரொட்டி செய்து தளத்தில் போட்டோம். பார்வையற்ற குடியிருப்பாளர் ஒருவர் தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்கிறார். என்ன செய்வது?

அவர் சொல்வது சரிதான் தம்பி. நாள், நேரம், இடம், நுழைவுச்சீட்டு விலை எல்லாம் அதில் இருக்கிறது, ஆனால் படமாக இருக்கிறது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அங்கே வந்ததும் "படம்" என்று சொல்லிவிட்டு நகரும், இல்லாவிட்டால் கோப்பின் பெயரை எண்ணோடு சேர்த்து ஒப்பிக்கும். தமிழைப் படமாகப் போடாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

சுவரொட்டி இருக்கட்டும். அதற்குக் கீழே அதே விவரங்களை எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். படத்துக்கு எழுத்தில் விளக்கம் தரும் "ஆல்ட்" பகுதியில் "தீபாவளி நிகழ்ச்சிச் சுவரொட்டி, விவரங்கள் கீழே" என்று எழுதினால் போதும். எழுத்தாக இருந்தால் பாட்டி பெரிதாக்கிப் படிக்கலாம், கூகலில் தேடினால் கிடைக்கும், முகவரியை நகலெடுத்து வரைபடத்தில் போடலாம்.

அப்புறம் மொழிக் குறி. பக்கத்தின் தொடக்கத்தில் எச்டிஎம்எல் குறியில் "லாங்" என்று ஒரு பண்பு இருக்கும். ஆங்கில வார்ப்புருவை எடுத்துத் தமிழை நிரப்பிய தளங்களில் அது ஆங்கிலமாகவே கிடக்கிறது. எந்தக் குரலில் பேசுவது என்பதைத் திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. ஆங்கிலக் குரலிடம் தமிழைக் கொடுத்தால் உளறும், அல்லது அந்த வரிகளை விட்டுவிட்டு மேலே போகும். தமிழுக்கு டி, ஏ என்ற ஈரெழுத்துக் குறி. சிங்கப்பூரின் நான்கு மொழியும் ஒரே பக்கத்தில் இருந்தால் பத்திக்குப் பத்தி குறிக்க வேண்டும்.

கேட்டுப் பார்க்கக் காசு செலவில்லை. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006ல் தொடங்கிய திட்டம், விண்டோஸில் ஓடும். அதோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழ் தெரியும். திரையை அணைத்துவிட்டு உங்கள் பக்கத்தைக் கேளுங்கள்.

நிறத்தையும் பாருங்கள். ஆரஞ்சுப் பின்னணியில் மஞ்சள் எழுத்து தீபாவளிக்குப் பொருத்தமாகத் தெரியலாம், ஆனால் படிக்க முடியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடாவது வேண்டும் என்பது இணைய அணுகலுக்கான உலக அளவிலான டபிள்யூசிஏஜி நெறிமுறை. வெப்எய்ம் தளத்தில் இதற்கு ஒரு சோதனைக் கருவி இருக்கிறது.

உட்லண்ட்ஸ், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி: தமிழ்த் தலைப்பைக் குறிப்பிட்ட நீளத்தில் வெட்டினால் கடைசி எழுத்து உடைகிறது. ஏன்?

நல்ல கேள்விம்மா. "தமிழ்" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் இந்த ஐந்தைத்தான் எண்ணுகிறது. நான்கில் வெட்டினால் புள்ளி போய் "தமிழ" ஆகும், இரண்டில் வெட்டினால் "தம". எழுத்தை எழுத்தாக எண்ண "இன்டில் செக்மென்டர்" என்ற வசதி அந்த நிரல்மொழியிலேயே இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் 2024ல் அதைச் சேர்த்துக்கொண்டதால் இப்போது எல்லா முக்கிய உலாவிகளிலும் வேலை செய்யும். வெறும் தோற்றத்துக்காக என்றால் வெட்டவே வேண்டாம், இத்தனை வரிக்கு மேல் மறை என்று பக்கத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸிடம் விட்டுவிடு. தரவுத்தளத்திலும் கவனம்: யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் இந்தக் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆகவே "தமிழ்" என்ற ஒரு சொல்லே 15 பைட்.

தேக்கா, துணிக்கடை உரிமையாளர்: உறுப்பினர் அட்டைப் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கிறோம். பிரச்சினை வருமா?

வரும் அண்ணே. இன்றைக்கே அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். சட்டம் கேட்டாலோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டியிருந்தாலோ தவிர நிறுவனங்கள் அந்த எண்ணை வாங்கக்கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கழிவு கொடுக்கத் தொலைபேசி எண் போதும்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதை முறையாக அழித்துவிடுங்கள். கையில் இல்லாத தகவலை யாராலும் திருட முடியாது. 500 அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தகவல் கசிந்தாலோ, கசிந்ததால் பெரிய தீங்கு வரக்கூடும் என்றாலோ, அப்படி உறுதியானதும் மூன்று நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். சிறு வணிகர்களுக்கான வழிகாட்டிகள் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கின்றன. அடையாள அட்டை எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கமும் வேண்டாம். 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவு விவரம் தேடும் அரசாங்கத் தளமான பிஸ்ஃபைலில் முழு எண்களும் தெரிந்தபோது எழுந்த கவலை நினைவிருக்கும்.

செங்காங்: எந்த விபிஎன் வாங்கலாம்?

பொது வைஃபையில் வங்கித் தளத்தைத் திறக்கத்தான் என்றால் எதுவும் வேண்டாம், அந்தத் தொடர்பு ஏற்கெனவே குறியாக்கம் செய்யப்பட்டதுதான். விபிஎன் என்பது உங்கள் இணையத் தொடர்பை வேறொரு நிறுவனத்தின் வழியாகத் திருப்பிவிடும் சேவை. அதை வாங்கினால் இணையச் சேவை நிறுவனத்தின் மீது வைத்த நம்பிக்கையை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான்.

ஜூரோங் வெஸ்ட்: இலவச விபிஎன் நல்லதா?

வேண்டாம். மேலே படியுங்கள்.

புக்கிட் பாத்தோக், மார்க்கெட்டிங் நிறுவனம் நடத்துபவர்: நீங்கள் சொல்வதெல்லாம் சிறு கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. ஒரே வரி நிரல் சேர்த்தால் தளத்தின் ஓரத்தில் சின்னம் வரும், எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறம் மாற்றலாம். மாதக் கட்டணம்தான். இதை ஏன் பரிந்துரைப்பதில்லை?

எழுத்தைப் பெரிதாக்க உலாவியிலேயே வசதி இருக்கிறது. பார்வைக் குறைபாடுள்ளவர் தன் கருவியைத் தனக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டுதான் வருகிறார். அவருக்கு வேண்டியது பெயருள்ள பொத்தான், ஒழுங்கான தலைப்பு, விளக்கமுள்ள படம். அவை உங்கள் பக்கத்தின் நிரலில் இல்லாதபோது மேலே ஒட்டிய நிரல் ஊகித்துத்தான் நிரப்பும். துணிக்கடைப் பக்கத்தில் ஒரு சேலைப் படத்துக்கு "பெண் நிற்கிறாள்" என்று அது விளக்கம் எழுதினால், என்ன நிறம், என்ன கரை, என்ன விலை என்று அவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

நான் மட்டும் சொல்லவில்லை. எந்தத் தளத்தையும் தன் கருவி நெறிமுறைக்கு ஏற்றதாக்கிவிடும் என்று விளம்பரம் செய்த ஆக்சசிபி நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2025ல் உத்தரவிட்டது.

தோ பாயோ, என்விடிஏ பயன்படுத்துபவர்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அந்தச் சின்னம் உள்ள தளத்தில் என் விசைகள் வேலை செய்வதில்லை. முதலில் அதை அணைக்க வழி தேடுகிறேன், அப்புறம்தான் பொருளைத் தேடுகிறேன்.

நன்றி ஐயா. இதை நீங்கள் சொன்னால்தான் எடுபடும்.

மீண்டும் புக்கிட் பாத்தோக்: ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் இல்லையா?

இல்லை. "செய்துவிட்டோம்" என்ற நிம்மதியைக் கடைக்காரருக்குக் கொடுத்து, உண்மையான திருத்தத்தை அது தள்ளிப்போட வைக்கிறது. இன்னொன்று, எனக்குக் கோபம் வருவது இங்கேதான்: அது வேறொரு நிறுவனத்தின் நிரல். இப்படிப்பட்ட சில நிரல்கள் ஒருவர் தேர்ந்தெடுத்த அமைப்பைத் தளத்துக்குத் தளம் நினைவில் வைத்துக்கொள்கின்றன. அப்படியானால் இவருக்குப் பார்வைக் குறைபாடு உண்டு என்ற செய்தியும் அவர் சம்மதம் இல்லாமலே கூடப் போகிறது. உடல்நிலையைப் பற்றிய தகவல் அது, சேலை வாங்க வந்தவரிடம் பறிக்க வேண்டியதில்லை.

ஒரு வருடக் கட்டணத்தை ஒரே தடவை ஒரு நிரலாளரிடம் கொடுங்கள். ஐந்து பக்கக் கடைத் தளம் என்றால் படங்களுக்கு விளக்கம், படிவத்துக்குப் பெயர்கள், நிறம், மொழிக் குறி இவ்வளவுதான் பெரும்பாலும் வேலை.

மீண்டும் புக்கிட் பாத்தோக்: சரி, எங்கே பிழை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சிங்கப்பூர் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக் வெளியிட்டிருக்கும் ஊபி என்ற கருவி இலவசம், தளம் முழுவதையும் நடந்து பார்த்து அறிக்கை தரும். ஒற்றைப் பக்கத்துக்கு வேவ் அல்லது ஆக்ஸ். கருவிகள் பிழைகளில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும், ஆகவே சுட்டியை ஒதுக்கிவிட்டு டேப் விசையால் மட்டும் ஒரு சட்டையை வாங்கிப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ அங்கே திருத்துங்கள்.

பொங்கோல்: சுவரொட்டியை ஜேபெக்காகப் போடுவதா, பிஎன்ஜியாகவா?

தெம்பனிஸ் தம்பிக்குச் சொன்ன பதிலை முழுக்கப் படியுங்கள்.

அங் மோ கியோ: வங்கியிலிருந்து என்று ஒரு குறுஞ்செய்தி, இணைப்போடு வந்திருக்கிறது. தொடலாமா?

தொடாதீர்கள். மோசடி உதவி எண்ணான 1799க்கு இப்போதே அழையுங்கள்.

யீஷூன், ஓய்வுபெற்ற ஆசிரியர்: என் பழைய கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. தளத்தில் போட்டால் குப்பையாகத் தெரிகிறது. படமாக எடுத்துப் போடட்டுமா?

வேண்டாம் ஐயா, தயவுசெய்து. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவம் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துதான் தெரியும். கணினிக்குக் கணினி எழுத்து மாறும் இந்தத் தொல்லையைப் பேசத்தான் 1997ல் நம் சிங்கப்பூரிலேயே தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி போன்றவர்கள் உழைத்தது இதற்காகத்தான். பாமினியை யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. கட்டுரையை ஒட்டினால் நொடியில் மாற்றித் தரும். மேற்கோள் குறிகளும் ஆங்கிலச் சொற்களும் சில இடத்தில் பிசகும், அவற்றை மட்டும் கையால் சரிபார்க்க வேண்டும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். கூகலிலிருந்து நேரடியாக இழுக்காமல் கோப்பை இறக்கி உங்கள் தளத்திலேயே வையுங்கள். அப்படி இழுத்ததால் வாசகரின் ஐபி முகவரி கூகலுக்குப் போனது என்று 2022ல் மியூனிக் நீதிமன்றம் ஒரு தள உரிமையாளரை 100 யூரோ கொடுக்கச் சொன்னது. முதலில் ஒரு கட்டுரையை மாற்றி அனுப்புங்கள், பிசகு எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.